செம்பவாங் கரையில் பறித்த குபாங்: சாப்பிடலாமா?

பொங்கோல் கார்த்தி

வணக்கம் மக்களே. கொஞ்சம் அவசரம், நேராக விஷயத்துக்கு வருகிறேன்.

நேற்றுச் சாயங்காலம் அறை நண்பர்களோடு சிங்கப்பூரின் வடகரையில் இருக்கும் செம்பவாங் பூங்காப் பக்கம் போயிருந்தேன். தண்ணீர் நன்றாக வற்றியிருந்தது. பாறைகளில் பச்சைச் சிப்பி கொத்துக் கொத்தாக ஒட்டிக்கொண்டிருந்தது. ஒரு மலாய்ப் பெரியவர் வாளியோடு உட்கார்ந்து சாவகாசமாகப் பறித்துக்கொண்டிருந்தார். என்னவென்று கேட்டதற்கு "குபாங், செடாப்" (மலாயில் பச்சைச் சிப்பி, ருசி) என்று கட்டைவிரலை உயர்த்திக் காட்டினார். அது போதாதா? நாங்களும் ஒரு பை நிறையப் பறித்துக்கொண்டு வந்துவிட்டோம். இப்போது அது ஃபிரிட்ஜில் இருக்கிறது. பசங்க மிளகாய்த்தூள் டப்பாவைத் தேடிக்கொண்டிருக்கிறார்கள்.

எனக்குத்தான் நெருடலாக இருக்கிறது. தூத்துக்குடிக்காரன், சிப்பி எனக்குப் புதிதில்லை. ஆனால் இங்கே எதிரே மலேசியாவின் ஜோகூர்க் கட்டடங்கள், பக்கத்திலேயே கப்பல் பட்டறை, தண்ணீரும் கலங்கல். உப்புத் தண்ணீரில் ஒரு ராத்திரி போட்டு வைத்தால் உள்ளே இருப்பதையெல்லாம் கக்கிவிடும் என்கிறான் நண்பன். உண்மையா?

இன்னொன்று. பையில் பாதி கறுப்பாக, விரல் நகத்தை விடக் கொஞ்சம் பெரிய அளவில் இருக்கிறது. அது குபாங் குஞ்சா, வேறு ஏதாவதா?

நண்டுக்கால்

சிப்பி கக்குமோ கக்காதோ, சாப்பிட்டால் நீங்கள் கக்குவீர்கள்.

செம்பவாங் பழசு

தம்பி, இவர்கள் பேச்சைக் கேட்டுப் பயந்துவிடாதீர்கள். நான் பிறந்தது வளர்ந்தது எல்லாம் அந்தக் கரையில்தான். அப்பாவுக்குக் கடற்படைத் தளத்தில் வேலை. வெள்ளைக்காரன் இருந்த காலத்தில் அந்தத் தளத்தை நம்பித் தமிழரும் மலையாளிகளுமாக எத்தனை குடும்பங்கள் இருந்தன என்று இப்போது இருக்கிறவர்களுக்குத் தெரியாது. 1971-ல் பிரிட்டிஷ் படை கிளம்பிய பிறகும் நாங்கள் அங்கேதான் இருந்தோம்.

சம்பளத்துக்கு முந்தின வாரம் மீன் வாங்கக் காசு இருக்காது. தண்ணீர் வற்றும் நேரம் பார்த்து அப்பா ஒரு பழைய உளியையும் கோணிப்பையையும் எடுத்துக்கொண்டு கிளம்புவார். நாங்கள் பின்னாலேயே ஓடுவோம். தூண்களில் மேலே ஒட்டியிருப்பதைத் தொடமாட்டார். வெயிலில் காய்ந்து காய்ந்து அது சிறுத்துப் போயிருக்கும். இடுப்பளவு தண்ணீரில் இறங்கி, கீழே கையை விட்டுத் தடவித்தான் பறிப்பார். உள்ளங்கை நீளத்துக்கு வரும். அம்மா தண்ணீரே ஊற்றாமல் சட்டியில் போட்டு மூடிவிடுவார். அது விடும் தண்ணீரிலேயே அது வெந்து வாயைத் திறக்கும். அந்தச் சாற்றில் மஞ்சள், மிளகு, கொஞ்சம் புளி. அதை ஊற்றிச் சோறு தின்றுதான் எங்கள் வீட்டில் அத்தனை பிள்ளைகளும் வளர்ந்தோம்.

எங்களுக்கும் முன்னால், சிங்கப்பூருக்கும் ஜோகூருக்கும் நடுவில் ஓடும் அந்த நீரிணையே ஓராங் செலேத்தார் மக்களுடைய வீடு. படகிலேயே குடித்தனம் நடத்திச் சிப்பியும் நண்டும் பிடித்து வாழ்ந்தவர்கள். இப்போது பெரும்பாலும் ஜோகூர்ப் பக்கம் போய்விட்டார்கள். அங்கே குபாங் வளர்த்து விற்கிறவர்கள் இன்றும் இருக்கிறார்கள். அவர்களிடம் போய் ‘சாப்பிடலாமா’ என்று கேட்டால் சிரிப்பார்கள்.

நன்றாகக் கழுவி, நன்றாக வேகவைத்துச் சாப்பிடுங்கள். ஒன்றும் ஆகாது.

தாதி மலர்

பழசு ஐயா, உங்கள் அம்மா வைத்த சாற்றை நினைத்தால் எனக்கே நாக்கு ஊறுகிறது. ஆனால் கார்த்தி தம்பியின் பையை அப்படியே குப்பையில் போடச் சொல்லித்தான் எழுத வந்தேன். மன்னிக்கணும்.

இந்தச் சிப்பி இரை தேடி எங்கேயும் போவதில்லை. இருந்த இடத்திலேயே இருந்துகொண்டு மணிக்கு லிட்டர் கணக்கில் தண்ணீரை உறிஞ்சி, அதில் மிதக்கும் நுண்பாசியைச் செவுளில் பிடித்துத் தின்கிறது. பாசியோடு வேறு எது வந்தாலும் உள்ளே போகும். கழிவு நீர்க் கிருமி, வாந்திபேதி தரும் நோரோவைரஸ், மஞ்சள்காமாலை தரும் ஹெப்படைட்டிஸ் ஏ, ஈயம், காட்மியம், எல்லாம்தான். ஒரு கடலில் எவ்வளவு மாசு என்று தெரிந்துகொள்ள விஞ்ஞானிகள் பல நாடுகளில் சிப்பியைத்தான் எடுத்து அரைத்துப் பார்க்கிறார்கள். தண்ணீரில் அளக்க முடியாத அளவுக்குக் குறைவாக இருப்பதுகூட இதன் சதையில் சேர்ந்து தெரியும்.

நன்றாக வேகவைத்தால் கிருமி சாகும், ஒப்புக்கொள்கிறேன். அதிலும் நாம் வேகவைப்பது பல நேரம் போதாது. ஓடு திறந்தவுடன் இறக்கிவிடுகிறோம் இல்லையா? ஹெப்படைட்டிஸ் ஏ வைரஸ் செயலிழக்க, சதையின் உள்ளே 90 டிகிரி சூடு 90 விநாடி நிற்க வேண்டும். ஓடு அதற்கு முன்னாலேயே திறந்துவிடும். ஈயத்தை எவ்வளவு கொதிக்க வைத்தாலும் அது ஈயமாகவே இருக்கும்.

உப்புத் தண்ணீரில் போடுவது பற்றி: சுத்தமான கடல்நீரை ஓடவிட்டு, புறஊதா விளக்கில் கிருமி நீக்கி, இரண்டு நாள் வரை வைக்கிற முறை வணிகத்தில் இருக்கிறது. பாக்டீரியா குறையும். வைரஸ் அவ்வளவு சுலபமாகப் போகாது, உலோகம் போகவே போகாது. வாளியில் குழாய்த் தண்ணீரைப் பிடித்துச் சமையல் உப்பைப் போட்டால் சிப்பி வாயை இறுக்கி மூடிக்கொள்ளும், அல்லது செத்துப்போகும்.

செம்பவாங் பழசு

சரிம்மா, நீங்கள் படித்தவர். ஆனால் நாங்கள் ஒன்றும் கண்ணை மூடிக்கொண்டு தின்னவில்லை. கெட்ட சிப்பியா என்று பார்க்க அம்மா பூண்டுப் பல் ஒன்றைச் சேர்த்துப் போடுவார். பூண்டு கறுத்தால் கொட்டிவிடுவார்.

தாதி மலர்

ஐயா, அந்தப் பூண்டுதான் எனக்குப் பெரிய கவலை. சிலர் வெள்ளிக் காசும் போடுவார்கள். நுண்பாசியிலிருந்து வருகிற நஞ்சுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. பூண்டும் கறுக்காது, காசும் கறுக்காது. சிப்பியும் உயிரோடு, கொழுகொழுவென்று, பார்க்க நன்றாகவே இருக்கும். சமைத்தாலும் அழியாது. இதில் கொஞ்சம் தண்ணீரில் கரைந்து சாற்றுக்கும் வந்துவிடும்.

சாப்பிட்ட அரை மணியிலிருந்து சில மணி நேரத்துக்குள் உதடும் நாக்கும் மரக்கும், பிறகு விரல் நுனி. அதிகமாகப் போனால் மூச்சுத் தசைகள் நின்றுவிடும். மாற்று மருந்து கிடையாது. நஞ்சு உடம்பை விட்டுப் போகும்வரை இயந்திரம் வைத்து மூச்சைக் காப்பாற்றுவதுதான் சிகிச்சை.

ரொம்பத் தூரம் போக வேண்டாம். 2024-ல் போர்ட் டிக்சன் குபாங்கில் இப்படி நஞ்சு இருப்பது தெரிந்து, சாப்பிட்டவர்கள் சிலர் மருத்துவமனைக்குப் போக, மலேசிய மீன்வளத் துறை அங்கே பறிக்கவும் விற்கவும் தடை போட்டது. மலேசியாவின் சபா மாநிலத்தில் 1976-லிருந்தே இந்தத் தொல்லை.

குளச்சல் ஜெனி

மலர் அக்கா சொல்வது சரி. எங்கள் ஊருக்குப் பக்கத்தில், கேரளத்து விழிஞ்சத்திலேயே 1997-ல் நடந்தது. சிப்பி சாப்பிட்டவர்கள் கூட்டம் கூட்டமாக ஆஸ்பத்திரிக்குப் போனார்கள், இறந்தவர்களும் உண்டு. காலம் காலமாகச் சிப்பி தின்று வளர்ந்த ஊர் அது. சமைக்கத் தெரியாதவர்களா அவர்கள்? அன்றைக்குக் கடலில் இருந்தது வேறு, அவ்வளவுதான்.

அதற்காகச் சிப்பியையே விட்டுவிடாதீர்கள் கார்த்தி. பண்ணையில் வளர்த்தது மார்க்கெட்டில் கிடைக்கும். எங்கள் ஊர் வறுவல் செய்முறை வேண்டுமென்றால் எழுதுகிறேன்.

நண்டுக்கால்

வேண்டும்.

பொங்கோல் கார்த்தி

சரி, பையைக் கட்டிக் குப்பையில் போட்டாயிற்று. பசங்க முகத்தைப் பார்க்க முடியவில்லை, முட்டை வாங்கி வந்திருக்கிறேன்.

மலர் அக்காவுக்கு ஒரு சந்தேகம். பண்ணைச் சிப்பியும் அதே ஜோகூர் நீரிணையில்தானே வளர்கிறது? அப்படியானால் அது மட்டும் எப்படிச் சுத்தம்? அப்புறம் அந்தக் கறுப்புச் சிப்பியைப் பற்றி யாருமே சொல்லவில்லையே.

கெலோங் தம்பி

நான் சொல்கிறேன். லிம் சூ காங் பக்கம் ஒரு மிதவைப் பண்ணையில் வேலை பார்க்கிறேன். எல்லாரும் கெலோங் என்றுதான் சொல்வார்கள். அசல் கெலோங் என்றால் கடலில் கம்பு நட்டு மீனை மடக்குவது. எங்களுடையது மிதவை, அடியில் வலைக்கூண்டு.

முதலில் கறுப்பு. அது குபாங் குஞ்சே இல்லை. குபாங் குஞ்சு பளிச்சென்று பச்சையாக இருக்கும். வளர வளரத்தான் பழுப்பு ஏறி, ஓரத்தில் மட்டும் பச்சை நிற்கும். நீங்கள் பறித்தது அமெரிக்கச் சிப்பி. அமெரிக்கா என்றால் தென் அமெரிக்கா, மெக்சிகோ பக்கத்து வெப்பக் கடல். 2016-ல் இந்த நீரிணையில் இருப்பதைக் கண்டுபிடித்தார்கள், அதற்குள் நன்றாகப் பரவிவிட்டது. ஓடு மெல்லிசு, கறுப்பு அல்லது கரும்பழுப்பு, உள்பக்கம் ஊதா அடிக்கும். பெரும்பாலும் கட்டைவிரல் அளவைத் தாண்டாது.

இது படுத்தும் பாடு இருக்கிறதே! புது வலையைப் போட்டுக் கொஞ்ச நாள் விட்டால் கண்ணியே தெரியாமல் அடைத்துவிடும். கண்ணி அடைத்தால் தண்ணீர் உள்ளே ஓடாது, ஆக்சிஜன் குறையும், கூண்டில் மீன் மேலே வந்து வாயைப் பிளக்கும். வலையை மாற்றலாம் என்று இழுத்தால் கனம் தூக்க முடியாது. இரண்டு பேர் இழுத்த வலைக்கு இப்போது நாலு பேர். மேலே ஏற்றி வெயிலில் காயப்போட்டு, அழுத்தத் தண்ணீர் அடித்து, அதிலும் போகாததைக் கட்டையால் தட்டி உதிர்க்க வேண்டும். காய்ந்தால் வருகிற நாற்றம் தனிக் கதை.

குபாங்குக்குக் கயிறு தொங்கவிட்டிருப்போம். விதை வாங்கிப் போடுவதெல்லாம் இல்லை, கடலில் மிதந்து வருகிற குஞ்சு தானாக வந்து கயிற்றில் ஒட்டும். தீனியும் வேண்டாம், கடல் போடும். சில மாதத்தில் கயிறே தெரியாத அளவுக்கு மூடிவிடும். ஆனால் இப்போது கயிற்றைத் தூக்கினால் முக்கால்வாசி கறுப்புதான். நடுவில் நாலைந்து பச்சை தலைகாட்டும். எங்களிடம் ரொம்ப நாளாக இருக்கும் மலாய்க்காரப் பெரியவர் கயிற்றைப் பார்த்துவிட்டு ஒன்றும் பேசாமல் திரும்பக் கடலிலேயே விட்டுவிடுவார்.

பண்ணை மட்டும் எப்படிச் சுத்தம் என்று கேட்டீர்களே. தண்ணீர் ஒன்றுதான், மறைக்க ஒன்றுமில்லை. சிங்கப்பூரையும் ஜோகூரையும் இணைக்கும் காஸ்வே, அதாவது கல் கொட்டிக் கட்டிய சாலை, 1924-ல் வந்ததிலிருந்து நீரிணை நடுவில் அடைபட்டது. ஏற்றத்தில் வந்த தண்ணீர் அதே வழியாகத்தான் வற்றத்தில் திரும்பிப் போக வேண்டும். இரண்டு கரை ஆறும் அதில்தான் விழுகிறது. வித்தியாசம் என்னவென்றால், பண்ணை உரிமத்தின் கீழ் நடக்கிறது. சிங்கப்பூர் உணவு அமைப்பு மாதிரி எடுத்துப் பார்க்கும், பிரச்சினை என்றால் விற்க விடமாட்டார்கள். கயிறும் கரையிலிருந்து தள்ளி, ஓட்டமுள்ள தண்ணீரில் தொங்குகிறது. வடிகால் வாயிலும் கப்பல் பட்டறைச் சுவரிலும் ஒட்டியிருப்பதை யாரும் எடுத்துச் சோதிப்பதில்லை.

எண்ணூர் வாசு

கெலோங் தம்பி, நீங்கள் சொன்ன கறுப்புச் சிப்பியைப் படித்ததும் வயிறு கலங்கிவிட்டது. எங்கள் ஊரில் காக்கா ஆழி என்று சொல்வது இதைத்தான். அதே சிப்பி.

கொசஸ்தலையாற்று முகத்துவாரத்தில் அடித்தரை முழுக்கப் பாய் விரித்த மாதிரி மூடிவிட்டது. இறால் மண்ணில் புதைய இடமில்லை. மஞ்சள் மட்டி மூச்சுமுட்டிச் செத்தது. ஆற்றில் இறங்கிக் கையால் தடவி இறால் பிடிக்கிறவர்கள் இருக்கிறார்கள், வலை கிடையாது, படகு கிடையாது, கைதான் தொழில். அவர்கள் கையும் காலும் இந்த ஓட்டில் கிழிகிறது. துறைமுகத்துக்கு வரும் கப்பல் கொட்டுகிற தண்ணீரில்தான் வந்தது என்பது மீனவர்கள் பேச்சு. பசுமைத் தீர்ப்பாயம் வரை போனார்கள். வாரி எடுக்க அரசாங்கம் வேலையும் தொடங்கியது. வாரினால் தீருமா என்பது வேறு கேள்வி.

நான் இங்கே உட்லண்ட்ஸில் வேலைக்கு வந்து, நீர்முகப்பில் நின்று பார்த்தால் அதே கறுப்பு. என்னத்தைச் சொல்ல.

தூண்டில் ரவி

கப்பலின் நிலைநீர் என்பதே பெரும்பாலோர் சொல்லும் காரணம். சரக்கு இல்லாத கப்பல் ஆட்டம் காணாமல் இருக்க ஒரு துறைமுகத்தில் கடல்நீரை அடிவயிற்றில் ஏற்றிக்கொண்டு போய் இன்னொரு துறைமுகத்தில் கொட்டும். அதில் குஞ்சும் முட்டையும் பயணம் போகும். கப்பலின் அடிப்பக்கத்தில் ஒட்டிக்கொண்டும் வரும். நிலைநீரைச் சுத்திகரித்துத்தான் கொட்ட வேண்டும் என்கிற உலக ஒப்பந்தம் 2004-லேயே எழுதப்பட்டது, நடைமுறைக்கு வந்ததோ 2017-ல். அதற்கு முந்தின வருடமே இந்த ஆள் நீரிணையில் குடியேறியாயிற்று.

ஆனால் ஒன்றையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். நம்முடைய பச்சைச் சிப்பியும் வெளியே போய் இதே வேலையைத்தான் செய்திருக்கிறது. 1990-ல் டிரினிடாட்டில் இறங்கியது, 1999-ல் ஃபுளோரிடாவின் டாம்பா வளைகுடாவில் மின்நிலையத்துக் குளிர்நீர்க் குழாய்க்குள் கிடந்தது. அங்கே இருக்கிறவர்கள் இதைத் திட்டுகிறார்கள். நமக்கு இது பூர்வீகம், அவர்களுக்கு இது வந்தேறி.

நண்டுக்கால்

கறுப்பைத் தின்றே தீர்த்துவிட முடியாதா? நம்மிடம் அதற்கான ஆள்பலம் இருக்கிறதே.

தூண்டில் ரவி

அதன் சொந்த ஊரில் சாப்பிடுகிறார்கள். இங்கே பறித்தால் மலர் அக்கா சொன்ன அதே பிரச்சினை. அதுவும் அதே தண்ணீரைத்தானே வடிகட்டுகிறது? சதையும் சொற்பம். உரித்து முடிப்பதற்குள் பசி போய்விடும்.

தேக்கா ராணி

நான் சிப்பிப் பக்கமே போவதில்லை. எனக்கு ஹம், அதாவது ரத்தச் சிப்பி போதும். சார் குவே தியோ என்கிற வறுத்த அரிசி நூடுல்ஸில் அரைவேக்காட்டில் ரத்தம் சொட்டச் சொட்ட நாலு ஹம் விழுந்தால்தான் தட்டு நிறைந்த மாதிரி. கடைக்காரர் "ஹம் வேண்டுமா" என்று கேட்கும்போதே எனக்குச் சந்தோஷம். அதற்கும் இந்தப் பயமுறுத்தல் எல்லாம் உண்டா?

தாதி மலர்

அதற்குத்தான் முதலில் உண்டு ராணி அக்கா.

அந்தச் சிவப்பு ரத்தமேதான். மற்ற பெரும்பாலான சிப்பிகளில் காணாத ஹீமோகுளோபின் இதில் இருக்கிறது, சேற்றில் காற்று குறைவான இடத்தில் வாழ அது உதவுகிறது. சிவப்பு தெரிகிறது என்றால் வேகவில்லை என்று அர்த்தம். 1983-ல் சிங்கப்பூரில் ஹெப்படைட்டிஸ் ஏ பரவியது இந்த ஹம்மினால்தான். 1988-ல் ஷாங்காயில் இதன் சொந்தக்காரச் சிப்பியைப் பச்சையாகவும் அரைவேக்காட்டிலும் தின்று ஏறக்குறைய மூன்று லட்சம் பேருக்கு மஞ்சள்காமாலை. நோய் தெரிய இரண்டு வாரத்திலிருந்து ஏழு வாரம் வரை ஆகும் என்பதால் எதைத் தின்றோம் என்றே பலருக்கு ஞாபகம் இருக்காது.

இன்னொரு விஷயம் தெரியுமா? ஓடு நீக்கிக் குளிரூட்டிய ஹம் சதையை இங்கே இறக்குமதி செய்யவே அனுமதி இல்லை. அதனால்தான் கடைக்காரர்கள் ஓட்டோடு வாங்கி உட்கார்ந்து உடைக்கிறார்கள். கல்லீரல் கோளாறு, சர்க்கரை, கர்ப்பம் இருக்கிறவர்கள் அரைவேக்காட்டுப் பக்கமே போகாதீர்கள். வெதுவெதுப்பான முகத்துவாரத் தண்ணீரில் இருக்கும் வைப்ரியோ கிருமி அவர்களைத்தான் பலமாகப் பிடிக்கும்.

தேக்கா ராணி

சாப்பாட்டு நேரத்தில் இதைப் படித்திருக்கக் கூடாது. எனக்கும் ஒரு தடவை வயிறு கெட்டிருக்கிறது, எந்தக் கடை என்று சொல்லமாட்டேன், இன்னும் அங்கேதான் சாப்பிடுகிறேன்.

மட்டுறுத்துநர்

இடையில் ஒரு வார்த்தை. "நல்ல சிப்பி எந்தக் கரையில் கிடைக்கும்" என்று இரண்டு பேர் தனி மடலில் கேட்டிருக்கிறார்கள். இங்கே அதைப் பகிர வேண்டாம். செக் ஜாவா, சகோதரிகள் தீவுக் கடல் பூங்கா, மற்ற இயற்கைக் காப்பகங்கள், இங்கெல்லாம் எதை எடுத்தாலும் குற்றம். மற்ற கரைகளிலும் எடுக்காதீர்கள் என்றுதான் தேசிய பூங்காக் கழகம் சொல்கிறது. கோவிட் காலத்தில் எங்கும் போக முடியாமல் குடும்பம் குடும்பமாக வாளியும் கரண்டியுமாகச் சாங்கிக் கரையில் இறங்கியதும், மறுநாள் அங்கே தோண்டிய குழிகளும் உதிர்ந்த நட்சத்திர மீன்களும் கிடந்ததும் நம்மில் பலர் பார்த்ததுதான்.

ரப்பர் செருப்போடு இறங்குகிறவர்களுக்கு இன்னொன்று: நம் கரையில் கல்மீன் உண்டு. பார்த்தால் கல். மிதித்தால் அன்றைக்கு முழுக்க அலறுவீர்கள்.

செம்பவாங் பழசு

எல்லாரும் சொல்வதைப் படித்துக்கொண்டுதான் இருக்கிறேன். ஒன்று மட்டும் சொல்கிறேன், சண்டைக்கு இல்லை.

அந்தக் காலத்துத் தண்ணீரும் சுத்தம் என்று நான் சொல்லமாட்டேன். எண்ணெய் மிதக்கும். கப்பல் அடியில் பாசி ஒட்டாமல் இருக்க ஒரு பெயின்ட் அடிப்பார்கள், அந்த வாடை இன்னும் மூக்கில் இருக்கிறது. ஆனால் காசில்லாத வீட்டில் அது சாப்பாடு. இப்போது கார்த்தி தம்பிக்கு ஆசை, எங்களுக்கு அது தேவை. அந்த வித்தியாசத்தை மறந்துவிட்டு ‘எங்கள் முட்டாள்தனம்’ என்கிற மாதிரி யாரும் பேசிவிடக் கூடாது என்றுதான் எழுதினேன்.

தாதி மலர்

அப்படி ஒருவரும் நினைக்கவில்லை ஐயா. என் அப்பாவும் தளத்தில் வேலை செய்தவர்தான். அந்தப் பெயின்டில் தகரச் சேர்மம் ஒன்று இருந்தது. சிப்பிக்கும் நத்தைக்கும் அது பெரிய கேடு என்று தெரிந்து, 2008-லிருந்து உலகம் முழுக்கத் தடை. அந்த விஷயத்தில் இன்றைய தண்ணீர் உங்கள் காலத்தை விடப் பரவாயில்லை என்றே சொல்லலாம்.

கெலோங் தம்பி

பழசு ஐயா சொன்னதில் ஒன்று எங்களுக்கும் பொருந்தும். தண்ணீர் கெட்டால் முதல் அடி எங்களுக்குத்தான். 2014, 2015 இரண்டு வருடமும் நுண்பாசி பெருகி நீரிணைப் பண்ணைகளில் மீன் டன் கணக்கில் செத்து மிதந்தது. அப்போது நான் வரவில்லை, முதலாளி இன்றும் அதைப் பற்றிப் பேச்செடுத்தால் எழுந்து போய்விடுவார். 2024 ஜூனில் பாசிர் பாஞ்சாங்கில் கப்பல் மோதி 400 டன் எண்ணெய் கொட்டியபோது நாங்கள் இந்தப் பக்கம் இருந்தும் தூக்கமில்லை. காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது என்று ராத்திரியெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தோம்.

குளச்சல் ஜெனி

நண்டுக்கால் கேட்டுவிட்டுப் போனார், நான் மறக்கவில்லை. எழுதுகிறேன்.

ஈரச் சந்தையில் வாங்கும்போது ஓடு மூடியிருப்பதாகப் பார்த்து எடுங்கள். கொஞ்சம் திறந்திருந்தால் தட்டிப் பாருங்கள். மூடிக்கொண்டால் உயிர் இருக்கிறது, மூடாவிட்டால் விட்டுவிடுங்கள். பேரங்காடியில் உறைந்த நிலையில் பாதி ஓட்டோடு பெரிசாகக் கிடைப்பது பெரும்பாலும் நியூசிலாந்துச் சிப்பி. வேகவைத்தே வரும், சமைக்கச் சுலபம், ஆனால் வறுவலுக்கு எனக்கு அது பிடிக்காது, ரப்பராகிவிடும்.

ஓட்டை ஒன்றோடொன்று உரசிக் கழுவுங்கள். பக்கவாட்டில் தாடி மாதிரி நார் தொங்கும். அதைப் பிடித்துக் கூர்முனைப் பக்கமாகச் சரக்கென்று இழுத்தால் வந்துவிடும். எதிர்ப்பக்கம் இழுத்தால் சதை கிழியும். சட்டியில் போட்டு மூடி, வாய் திறந்த பிறகும் நல்ல கொதியில் சில நிமிடம் விடுங்கள், மலர் அக்கா சொன்ன கணக்குக்காக. உள்ளே ஆரஞ்சு நிறத்தில் இருப்பது பெண், பால் வெள்ளை ஆண். ஆரஞ்சுக்கு எங்கள் வீட்டில் அடிதடி நடக்கும், ருசி ஒன்றுதான் என்று அம்மா சொல்லிக்கொண்டே இருப்பார்.

சதையை எடுத்து மஞ்சள், மிளகாய்த்தூள் போட்டுப் பிரட்டி வையுங்கள். உப்பு இப்போது வேண்டாம், கடல் உப்பு உள்ளேயே இருக்கிறது. தேங்காய் எண்ணெயில் கடுகு, நிறையக் கறிவேப்பிலை, நசுக்கிய சின்ன வெங்காயம், இஞ்சி. வெங்காயம் சிவந்ததும் சிப்பியைப் போட்டுத் தீயைக் கூட்டுங்கள். தேங்காய்த் துருவலும் சீரகமும் ஒன்றிரண்டாக அரைத்துக் கடைசியில் சேர்த்து, ஈரம் வற்றியதும் இடித்த மிளகு தூவி இறக்குங்கள். ருசி பார்த்த பிறகு உப்பு.

கெலோங் தம்பி

எங்கள் பண்ணையில் இவ்வளவெல்லாம் கிடையாது. செராய்த் தண்டு (எலுமிச்சைப் புல்) நாலு, இஞ்சி, சில்லி பாடி என்கிற குட்டிக் கார மிளகாய், எல்லாவற்றையும் நசுக்கிச் சட்டியில் போட்டு மேலே குபாங். பத்து நிமிடம். சாற்றைக் குடிக்கக் கோப்பைக்குச் சண்டை.

பொங்கோல் கார்த்தி

ஜெனி அக்கா, வாங்கி வந்து செய்துவிட்டோம்! பசங்க சட்டியைத் துடைத்துவிட்டார்கள். மிளகு கொஞ்சம் தூக்கலாகப் போய்விட்டது, யாரும் குறை சொல்லவில்லை.

ஒரே ஒரு கேள்வி. ஒரு சிப்பிக்குள் பட்டாணி அளவில் மெத்தென்று வெளிறிய நண்டு ஒன்று இருந்தது. சமைத்த பிறகுதான் பார்த்தோம். அது என்ன? சிப்பி கெட்டுப்போனதா?

குளச்சல் ஜெனி

கெட்டுப்போகவில்லை. அது சிப்பிக்குள்ளேயே குடியிருக்கும் குட்டி நண்டு. சிப்பி செவுளில் பிடிக்கும் இரையைப் பக்கத்தில் உட்கார்ந்து தின்னும். வாடகை கிடையாது. வெந்துவிட்டால் சாப்பிடலாம், நண்டு ஒத்துக்கொள்ளாதவர்கள் மட்டும் பார்த்து எடுத்துவிடுங்கள்.

நண்டுக்கால்

இனத்துக்கே அவமானம்.

செம்பவாங் பழசு

கெலோங் தம்பி, உங்கள் பண்ணையில் நேரடியாகக் கொடுப்பீர்களா? இரண்டு கிலோ போதும், பேரப்பிள்ளைகள் சனிக்கிழமை வருகிறார்கள். மலர் அம்மா கணக்குப்படி நன்றாகவே வேகவைக்கிறேன், பூண்டு ருசிக்கு மட்டும்.

கெலோங் தம்பி

முதலாளியிடம் கேட்டுச் சொல்கிறேன் ஐயா. இந்த வாரக் கயிற்றில் பச்சை எவ்வளவு தேறும் என்று தூக்கிப் பார்த்தால்தான் தெரியும். கிடைத்தால் காலையில் சரக்கு இறக்க லிம் சூ காங் படகுத்துறைக்கு வருவேன், ஏழரைக்குள் வந்துவிடுங்கள். ஐஸ் பெட்டி நீங்கள் கொண்டு வாருங்கள், ஐஸ் நான் தருகிறேன்.